உறைந்து வந்த கலங்கள் எங்கே இறந்தன?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். தவறாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். ஐரோப்பாவிலுள்ள ஓர் ஆய்வுகூடம் மனிதக் குடல் ஓர்கனொயிட்களை, அதாவது கலங்களிலிருந்து (செல்களிலிருந்து) ஆய்வுகூடத்தில் வளர்க்கும் சிறு குடல் உருவங்களை, ஆறு குப்பிகளில் உறையவைத்து, உலர்பனியுடன் (உறைந்த காபனீரொட்சைட்டுடன்) கொழும்பிலுள்ள உங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. செவ்வாய்க்கிழமை பொதிசெய்த பெட்டி, சுங்கத்தில் தங்கி, சனிக்கிழமை பிற்பகலில்தான் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து உங்கள் கைக்கு வந்தது. லேபிளில் 8 கிலோகிராம் என்றிருந்த உலர்பனியில் இரண்டு கைப்பிடியளவே மிஞ்சியிருந்தது. குப்பிகளை உடனே திரவ நைதரசனில் வைத்தீர்கள். மூன்று வாரம் கழித்து இரண்டை உருக்கியபோது, இறந்த கலத்துக்கு நிறமூட்டும் ட்ரைபான் நீலச் சோதனையில் நூற்றுக்கு எண்பது கலங்கள் உயிருள்ளவையாகத் தெரிந்தன. மூன்றாம் நாள் கிண்ணத்தில் சிதைவுகளைத் தவிர எதுவும் தெரியாததால் வீசிவிட்டீர்கள். இனி உலர்பனியா, திரவ நைதரசன் ஊறிய ட்ரை ஷிப்பரா, உறையவைக்காமல் உயிருடன் எடுப்பதா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தின் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்தக் கலங்கள் வழியில் இறந்தனவா, உங்கள் கையில் இறந்தனவா என்பதே அது. அதற்கு விடை தேடாமல் அடுத்த பெட்டியைத் தெரிவுசெய்வதில் பயனில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பதினாறு வருடங்களாகக் கொழும்பில் கலவளர்ப்பு அறையொன்றில் வேலை செய்கிறேன். முதலில் சாதாரணக் கலவரிசைகள் (தொடர்ந்து பெருகும் ஒரேவகைக் கலங்கள்), பிறகு தூண்டப்பட்ட தண்டுக்கலங்கள் (பலவகைக் கலங்களாக மாறக்கூடியவை), கடைசி ஐந்தாறு வருடங்களாகக் குடல், ஈரல் ஓர்கனொயிட்கள். மூளை ஓர்கனொயிட்களை நான் கையாண்டதில்லை. அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை. மனித இழையத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான அனுமதிகளை உங்கள் பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவிடமே கேட்டறிய வேண்டும். உங்கள் பெட்டியையும் குப்பிகளையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

உறைந்த கலம் உறங்கும் கலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். கலத்தைச் சூழ்ந்த நீர் பனியாகும்போது, உப்பும், உறைதலிலிருந்து கலத்தைக் காக்கச் சேர்க்கும் டி.எம்.எஸ்.ஓ.வும் எஞ்சிய திரவத்தில் செறிந்துகொண்டே போகின்றன. மிக மெதுவாகக் குளிரூட்டினால் கலம் நீரிழந்து, செறிந்த உப்பில் நெடுநேரம் கிடந்து சேதமடைகிறது. மிக வேகமாகக் குளிரூட்டினால் வெளியேற நேரமில்லாத நீர் கலத்துக்குள்ளேயே பனியாகிறது. பீற்றர் மசூரும் அவரது கூட்டாளிகளும் 1972இல் முன்வைத்த இந்த இருபக்க விளக்கத்தின் நடுவழிதான், நாம் பழக்கத்தில் செய்யும் நிமிடத்துக்கு ஒரு பாகைக் குளிரூட்டல். இந்த அளவு பெரும்பாலான பாலூட்டிக் கலங்களுக்குப் பொருந்துகிறது. அனுப்பியவர்கள் இதைச் சரியாகச் செய்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்வோம். தங்கள் பக்கத்தில் இதே தொகுதி நன்றாக வளர்கிறது என்று அவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஏறத்தாழ −135 பாகை செல்சியசுக்குக் கீழே, கலங்களுக்கிடையில் உறையாமல் எஞ்சியிருக்கும் அந்தச் செறிந்த திரவமும் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. மூலக்கூறுகள் இடம்பெயர்வது நடைமுறையில் நின்றுவிடுகிறது. −196 பாகையிலுள்ள திரவ நைதரசனும் அதன் ஆவியும் குப்பியை இந்த எல்லைக்குக் கீழேயே வைத்திருக்கின்றன. உலர்பனி பதங்கமாகும் வெப்பநிலையோ −78.5 பாகை. நம் கைக்கு இரண்டும் தாங்கமுடியாத குளிர்தான். கலத்துக்கு அவை ஒன்றல்ல. உலர்பனியின் வெப்பநிலையில் அந்தத் திரவம் முற்றாக இறுகியிருப்பதில்லை. சிறிய பனிப்பளிங்குகள் கரைந்து பெரியவற்றோடு சேரும் வேலை மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் −80 பாகைப் பிறீசரில் மாதக்கணக்கில் விட்ட குப்பிகள் பலமிழக்கின்றன. மாறாக, சில நாட்கள் நல்ல உலர்பனிக்குள் இருந்த குப்பிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. உலகெங்கும் கலங்கள் இவ்வாறு பயணிக்கின்றன. நானும் அவ்வாறு வந்த பல தொகுதிகளை வளர்த்திருக்கிறேன். ஆகவே உலர்பனியில் வந்ததாலேயே உங்கள் கலங்கள் இறந்தன என்று சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது வேறொன்று. பெட்டியைத் திறந்தபோது எவ்வளவு உலர்பனி இருந்தது என்பதைவிட, குப்பிகள் அந்த நான்கு நாட்களும் எங்கே இருந்தன என்பதே முக்கியம். விமானச் சரக்குப் பெட்டியொன்றில் நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கரைக் கிலோகிராம் வரை உலர்பனி குறையும் என்பது நாங்கள் பயன்படுத்தும் பொதுக்கணக்கு. உங்கள் பெட்டியில் நாளுக்கு இரண்டு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போயிருக்கிறது. அப்படியானால் ரெஜிபோம் (தெர்மோகோல்) தடிப்பானதாக, நல்ல பெட்டியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு படத்தில், குப்பிகள் இருந்த சிறு அட்டைப்பெட்டி உலர்பனிக்கு மேலே வைக்கப்பட்டிருப்பதைக் காட்டியிருக்கிறீர்கள். இது எனக்குக் கவலை தருகிறது. காபனீரொட்சைட்டு வாயு பாரமானது. குளிர் அடியில் தங்குகிறது. பனி நிறைந்திருக்கும்வரை மேலே வைத்ததும் குளிராகவே இருக்கும். பனி குறையக் குறைய மூடிக்கடியில் வெற்றிடம் பெருகி, அடியில் −78 பாகை இருக்கும்போதே மேற்பகுதி பல பத்துப் பாகை ஏறிவிடும். அட்டைப்பெட்டி பனியோடு சேர்ந்து கீழே இறங்கியதா, பக்கச் சுவரில் சிக்கி மேலேயே நின்றதா என்பதை இனி யாராலும் அறிய முடியாது. குப்பிகளைப் பனியின் நடுவில் புதைத்து, மேலேயும் பனி நிரப்பி, மிச்ச இடத்தைக் கடதாசியால் அடைத்திருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

குப்பிகள் ஒருபோதும் உருகவில்லை, அவற்றுக்குள் பனி அப்படியே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, ஆனால் அதிலிருந்து அறியக்கூடியது குறைவு. −30 பாகைக்கு ஏறி மீண்டும் இறங்கிய குப்பியும், ஏறாத குப்பியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உருகாமலேயே உட்பளிங்குகள் பெருத்து மென்சவ்வுகளைக் கிழித்திருக்கலாம். பிறகு −196 பாகையில் வைத்ததால் அந்தக் காயம் ஆறுவதில்லை. இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். இதனால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெப்பநிலைப் பதிவுக்கருவியைக் கேட்டு வாங்குங்கள் என்று எவரிடமும் சொல்லிவருகிறேன். உலர்பனியின் குளிரைத் தாங்கும் வெளி உணரியுள்ள கருவி வேண்டும். அதன் முனை குப்பிகளோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். பெட்டியின் சுவரில் ஒட்டிய உணரி சுவரின் கதையைத்தான் சொல்லும்.

அடுத்து, அந்த எண்பது சதவீதம். ட்ரைபான் நீலம் மென்சவ்வு கிழிந்த கலத்துக்குள் மட்டும் புகுகிறது. உருக்கிய உடனே மென்சவ்வு கிழியாமல் இருப்பதும், கலம் நாளைக்கும் உயிரோடு இருப்பதும் வெவ்வேறு செய்திகள். உறைதலில் அடிபட்ட கலங்களிற் பல, 37 பாகைக்கு வந்து தம் உள்வேலைகளைத் தொடங்கிய பிறகு, ஆறு மணித்தியாலத்திலிருந்து ஒரு நாளுக்குள் திட்டமிட்ட கலஇறப்பில் வீழ்கின்றன. இது நன்கு நிறுவப்பட்ட விடயம். எனவே உருக்கியபோது எண்பது இருந்தது, ஆகவே வழியில் எதுவும் நடக்கவில்லை, ஆகவே தவறு எங்களுடையது என்று உங்கள் மேற்பார்வையாளர் முடிவுகட்டியது சரியல்ல. அந்த எண் யாரையும் குற்றவாளியாக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. ஒரு நாள் கழித்து எடுக்கும் எண்ணுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன். ஓர்கனொயிட்களில் அதையும்விட ஏழாம் நாள் படத்துக்கு.

இங்கே உங்கள் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடத்துக்கு வருகிறேன். நீங்கள் மூன்றாம் நாளே வீசிவிட்டீர்கள். சாதாரணக் கலவரிசை என்றால் மூன்றாம் நாள் ஒட்டாத கலம் இறந்த கலந்தான். ஓர்கனொயிட் அப்படியல்ல. 2009இல் தொஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்சும் எலிக்குடலின் ஒற்றைத் தண்டுக்கலத்திலிருந்தே குடற்சுவரின் மடிப்புகளை ஒத்த முழு அமைப்பை வளர்த்துக் காட்டினார்கள். இந்தத் துறையே அதன்மீதுதான் நிற்கிறது. உருக்கிய குப்பியில் பெரும்பாலான கலங்கள் இறந்து, அவற்றின் சிதைவுகள், ஓர்கனொயிட்கள் வளரும் மட்ரிஜெல் என்ற கூழுக்குள் கருஞ்சாம்பலாய்ப் பரந்திருக்கும்போதே, அவற்றுக்கிடையில் தப்பிய சில தண்டுக்கலங்கள் பிரிந்து, ஐந்தாம் ஆறாம் நாளில் மெல்லிய சுவருள்ள சிறு குமிழ்களாகத் தெரியத் தொடங்கும். குறைந்த உருப்பெருக்கத்தில், ஒளியைக் குறைத்து, குவியத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்காவிட்டால் நுணுக்குக்காட்டியில் அவை கண்ணில் படுவதே இல்லை. உங்கள் இரண்டு குப்பிகளும் முற்றாக இறந்திருந்தன என்பதற்கு இப்போது சான்றில்லை. பத்து நாட்களுக்கு முன் எந்த ஓர்கனொயிட் உருக்கலையும் வீச வேண்டாம் என்பது எங்கள் அறையின் சட்டம். அதை இப்படியொரு இழப்புக்குப் பிறகுதான் நாங்களும் எழுதி ஒட்டினோம்.

இன்னொரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். இதை யாரும் உங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கலங்கள் மட்டுமா அந்த வழியால் வந்தன? மட்ரிஜெல்லும் வளர்ச்சிக் காரணிகளும் எப்படி வந்தன, யார் இறக்கிவைத்தார்கள், எந்தப் பிறீசரில் கிடந்தன? மட்ரிஜெல் எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புரதக் கலவை. 4 பாகையில் திரவம். 10 பாகையைத் தாண்டினால் இறுகத் தொடங்கும். இறுகியதை மீண்டும் குளிரூட்டினால் மெல்ல இளகும், ஆனால் முந்திய பதம் முழுமையாக வரும் என்று நம்ப முடியாது. தானாகப் பனி நீக்கும் வீட்டுப் பிறீசரில் வைத்தால், அந்தப் பெட்டி அடிக்கடி சூடாகிக் குளிர்வதால் அது மெல்லமெல்லக் கெடும். மனிதக் குடல் ஓர்கனொயிட் பிழைக்க, வளர்ச்சிக் காரணிகளான விண்ட் புரதமும் ஆர்-ஸ்பொண்டினும் நொகினும் ஊடகத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) வேண்டும். இவற்றில் விண்ட் புரதம் கொழுப்பு இணைந்த ஒன்று. சீரம் இல்லாத ஊடகத்தில் விரைவில் செயலிழக்கும். கெட்ட ஊடகத்தில் நல்ல கலத்தை வைத்தால், முதல் நாள் உயிரோடிருந்து மூன்றாம் நான்காம் நாளில் மங்கி இறக்கும் காட்சிதான் கிடைக்கும். நீங்கள் விவரித்த காட்சி இதோடும் பொருந்துகிறது, வழியில் ஏற்பட்ட காயத்தோடும் பொருந்துகிறது. இரண்டையும் பிரித்தறிய, உள்ளூரில் ஏற்கெனவே நன்றாக வளரும் ஓர் ஓர்கனொயிட் தொகுதியை அதே மட்ரிஜெல்லிலும் அதே ஊடகத்திலும் வளர்த்துப் பாருங்கள். அது வளர்ந்தால் உங்கள் மண் நல்லது, விதையைச் சந்தேகிக்கலாம். கொழும்பில் இதற்கான கலங்களைக் கடனாகத் தரக்கூடிய கூடங்கள் மிகச் சில என்பதை அறிவேன். ஆயினும் கேட்டுப் பாருங்கள். இந்தத் துறையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உதவுபவர்கள்.

விமான நிலைய ஊடுகதிர்ச் சோதனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொதிகளைச் சோதிக்கும் கதிர்ப்பின் அளவு மிகச் சிறியது. அதை நான் முதற் சந்தேகமாக எடுக்கமாட்டேன். உலர்பனியின் காபனீரொட்சைட்டு வாயு குப்பி மூடியின் இடுக்கால் புகுந்து, உருகும்போது கரைந்து, ஊடகத்தை அமிலமாக்கும் என்பது உண்மை. உருகிய திரவம் வழமையான செந்நிறத்தில் இல்லாமல் மஞ்சளாக இருந்தால் அதுதான் அடையாளம். உடனே நிறையப் புது ஊடகத்தில் கழுவினால், சில நிமிட அமிலம் மட்டும் முழுக் குப்பியையும் கொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இது என் கருத்தே தவிர நிறுவிய முடிவல்ல.

இனிப் பெட்டித் தெரிவு. ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கு, மீண்டும் பெறமுடியாத நோயாளித் தொகுதி என்றால், நான் ட்ரை ஷிப்பரையே கேட்பேன். அதன் உட்சுவரிலுள்ள நுண்துளைப் பொருள் திரவ நைதரசனை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சிந்தக்கூடிய திரவம் எதுவும் இருக்காது. உட்குழி −150 பாகைக்குக் கீழே நிற்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளின்படி, சரியாக ஆயத்தம்செய்த ட்ரை ஷிப்பர் ஆபத்தான சரக்காகக் கணிக்கப்படுவதில்லை. உலர்பனியோ ஐ.நா. 1845 என்ற இலக்கத்தின்கீழ் ஒன்பதாம் வகுப்பு ஆபத்தான சரக்கு. நிறையை லேபிளில் எழுத வேண்டும். வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டியை ஒருபோதும் அடைத்துவிடக் கூடாது. ஒரு கிலோகிராம் உலர்பனி ஐந்நூறு லீற்றருக்கும் மேற்பட்ட வாயுவாகும் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். மூடிய வாகனத்தில் அதை ஏற்றிவரும் சாரதிக்கும் இதைச் சொல்லுங்கள், யன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.

ட்ரை ஷிப்பருக்கும் பலவீனம் உண்டு. நிமிர்ந்து நின்றால் பத்து நாள் தாங்கும் ஒரு மாதிரி, சாய்த்துப் படுக்கவைத்தால் அதில் ஒரு பகுதி நாட்களே தாங்கும். ஆகவே குடுவை மட்டுமன்றி, நிமிர்ந்தே நிற்கும் வடிவிலுள்ள அதன் வெளிப்பெட்டியும் முக்கியம். அனுப்புபவர் அதை ஒரு முழு நாள் நைதரசன் ஊட்டி, மிச்சத் திரவத்தை ஊற்றிவிட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த நிறையை உங்களுக்கு எழுதியனுப்ப வேண்டும். வந்ததும் நீங்களும் நிறுத்தால், எவ்வளவு நைதரசன் மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். குடுவையைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது என்பதை முன்கூட்டியே உங்கள் நிதிப் பிரிவிடம் சொல்லுங்கள். மானியத்தில் அந்த வரி இல்லாமல் பலர் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். பணம் இல்லையென்றால் உலர்பனி போதும், ஆனால் பயண நாட்களைப்போல் இரண்டு மடங்கு நாட்களுக்குப் பனி கேளுங்கள்.

உயிருடன் எடுப்பது பழைய வழிதான். 1950களில் அமெரிக்காவின் டஸ்கிஜி கல்விக்கழகத்தில், போலியோ தடுப்பூசிப் பரிசோதனைக்காக ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்க் கலவரிசையைப் பெருமளவில் வளர்த்து, உயிருடனேயே நாடெங்கும் அனுப்பினார்கள். வலிய கலவரிசைகளுக்கு அது இன்றும் பொருந்தும். குடுவையைக் காற்றுக்குமிழ் இல்லாமல் ஊடகத்தால் கழுத்துவரை நிரப்பி, காற்றோட்டமில்லாத மூடியால் இறுக்கி, அமிலநிலையை மாறாமல் வைக்கும் ஹெப்பீஸ் சேர்த்த ஊடகத்தில் அறை வெப்பநிலையில் அனுப்பலாம். குமிழ் இருந்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் அது கலங்களை உரசும். ஓர்கனொயிட்களை ஐரோப்பாவிலிருந்து இவ்வாறு எடுக்க நான் துணியமாட்டேன். குளிரூட்டினால் மட்ரிஜெல் இளகி அவை வெளியே விழும். குளிரூட்டாவிட்டால், நம் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் 40 பாகையைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து ஒரே நாளில் கையிலெடுத்து வருவதென்றால் அது வேறு கதை.

உண்மையில் கொழும்பில் ஓர்கனொயிட் வேலை செய்ய நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, உள்ளூர் இழையத்தில் தொடங்குங்கள் என்பதுதான். அகநோக்கிச் சோதனையில் எடுக்கும் சில மில்லிமீற்றர்க் குடல் இழையத்தை, நுண்ணுயிர்கொல்லி கலந்த குளிர்ந்த ஊடகத்தில் இட்டு, பனிக்கட்டிமேல் வைத்து எடுத்துவந்தால், ஒரு நாளுக்குள் பிரித்தெடுத்துத் தொடங்கலாம். பொரளைச் சந்தியின் மாலை நெரிசல் அதற்குத் தடையாவதில்லை. நோயாளியின் ஒப்புதலும் குழுவின் அனுமதியும் இருந்தால், சுங்கமும் விமானமும் இல்லாமலே உங்கள் கை பழகும். தொலைவிலிருந்து வரும் அரிய குப்பியில் முதன்முதலாக உருக்கிப் பழகுவது எவருக்கும் கடினம்.

நாள் தெரிவைப் பற்றி ஒரு சொல். பொதி இங்கே செவ்வாய் அல்லது புதன் வந்துசேரும்படி கேளுங்கள். வெள்ளி வருவது திங்கள்வரை நிற்கும். போயா தினங்களை (பௌர்ணமி விடுமுறைகளை) முன்கூட்டியே நாட்காட்டியில் பாருங்கள்; ஐரோப்பாவிலுள்ளவர்களுக்கு அது தெரியாது. ஏப்ரல் புத்தாண்டையொட்டிய இரண்டு வாரங்களில் எதையும் வரவழைக்க வேண்டாம். பெட்டி புறப்படுவதற்கு முன்பே விமானச் சரக்குச் சீட்டின் வரைவு, பொருட் பரிமாற்ற ஒப்பந்தம், அனுமதிக் கடிதங்கள் யாவும் உங்கள் கிளியரிங் முகவரின் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை பெறுமதிச் சீட்டில் கலங்களுக்கு விலை பூச்சியம் என்று எழுதியிருந்ததால் இரண்டு நாள் போனது. அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அப்படி எழுதினார். இப்போதெல்லாம் ஒரு பெயரளவு விலையையும், வியாபாரத்துக்கல்ல, ஆய்வுக்கு மட்டும் என்பதையும் எழுதச் சொல்கிறேன். தாமதமானால் உலர்பனியை நிரப்பித் தரும்படி அனுப்பும் நிறுவனத்தோடு முன்பே எழுத்தில் பேசிவையுங்கள்.

வந்த குப்பிகளை −80 பாகைப் பிறீசரில் சில நாள் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் 2022ஐ நினைவூட்டுவேன். மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. நைதரசன் தாங்கிக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் அதிலிருந்தவை தப்பின. இடம் போதாமல் பிறீசரில் விட்டிருந்த ஒரு தட்டுக் குப்பிகள், நான்கு வருட வேலை, போய்விட்டன. அவை யாருடைய குடலிலிருந்து வந்தனவோ அவர்களிற் சிலர் அப்போது உயிருடன் இல்லை. மீண்டும் கேட்கவும் முடியாது.

உங்களிடம் நான்கு குப்பிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும், ஊடகத்தையும் மட்ரிஜெல்லையும் மேலே சொன்னவாறு சோதித்த பிறகு, உருக்குங்கள். முந்திய நாளே மட்ரிஜெல்லை 4 பாகையில் பனிக்கட்டிமேல் இளகவிட்டு, வளர்ப்புத் தட்டை 37 பாகையில் சூடாக்கி வையுங்கள். குப்பியை முகக்கவசத்தோடு நைதரசனிலிருந்து எடுங்கள். திரவ நைதரசன் புகுந்த குப்பி வெடிக்கக்கூடும். 37 பாகை நீரில் ஒன்றிரண்டு நிமிடம், உள்ளே ஒரு சிறு பனித்துண்டு மிஞ்சும்வரை மட்டும் வைத்திருந்து, வெளிப்புறத்தை 70 சதவீத அற்ககோலால் துடையுங்கள். பிறகு அவசரப்பட வேண்டாம். பத்து மில்லிலீற்றர் ஊடகத்தை முதலில் துளித்துளியாகச் சேருங்கள், டி.எம்.எஸ்.ஓ. நிறைந்த கலத்தைச் சட்டென்று வெற்று ஊடகத்தில் கொட்டினால், பிரசாரணத்தால் நீர் பாய்ந்து அது வீங்கி வெடிக்கும். மையநீக்கியில் 200 முதல் 300 ஜி வரை ஐந்து நிமிடம் போதும். அடியிற் படிந்ததை, பனிக்கட்டிமேல் வைத்த மட்ரிஜெல்லில் குமிழ் வராமல் கலந்து, 30 முதல் 50 மைக்கிரோலீற்றர்த் துளிகளாக இடுங்கள். கலங்களை நெருக்கமாக இடுங்கள், குறைந்த செறிவில் இட்டால் தப்பியவையும் தனித்து இறக்கும். தட்டைக் கவிழ்த்து 37 பாகையில் பத்துப் பதினைந்து நிமிடம் இறுகவிட்டு ஊடகத்தை ஊற்றுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அந்த ஊடகத்தில் வை-27632 என்ற ரொக் தடுப்பான் 10 மைக்கிரோமோலர் இருக்க வேண்டும். நீங்கள் எழுதிய செய்முறையில் இது இல்லை. பிரிக்கப்பட்ட மனிதத் தண்டுக்கலங்களின் இறப்பை அது வெகுவாகக் குறைக்கிறது என்பது 2007 முதல் தெரிந்த விடயம். உங்கள் தோல்வியில் இதற்கும் பங்கிருக்கலாம்.

வளர்ந்தாலும் முதல் இரண்டு வாரம் தனி இன்கியுபேற்றரில் வைத்து, மைக்கோபிளாஸ்மா என்ற பற்றீரியாத் தொற்று உண்டா என்று பி.சி.ஆர். சோதனை செய்யுங்கள். அதற்குக் கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் வேலை செய்யாது, ஊடகமும் கலங்கலாகாது. தொகுதி சொன்ன நோயாளியுடையதுதானா என்பதை மரபணு அடையாளச் சோதனையால் அனுப்பியவரின் பதிவோடு ஒப்பிடுவதும் இதே கட்டத்தில்தான்.

அதற்கிடையில் அனுப்பியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கலங்களைத் துண்டுகளாக உறையவைத்தார்களா, ஒற்றைக் கலங்களாகவா, ஒரு குப்பியில் எத்தனை, எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தவை, எந்த உறையூடகம் என்று கேளுங்கள். அதே நாளில் உறையவைத்த ஒரு குப்பியை அவர்கள் பக்கத்திலும் உருக்கி, முதலாம், மூன்றாம், ஏழாம் நாட் படங்களை அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயும் மூன்றாம் நாள் சிதைவுகளே தெரிந்து ஏழாம் நாள் குமிழ்கள் வந்தால், நீங்கள் வீசியதில் உயிர் இருந்திருக்கலாம். அங்கே மூன்றாம் நாளே தெளிவாக வளர்ந்திருந்து உங்கள் ஊடகமும் நல்லதாக இருந்தால், வழியையே நான் குற்றஞ்சொல்வேன். உங்கள் ஏழாம் நாட் படத்தையும் இங்கே இடுங்கள், அளவுக்கோட்டோடு. சிதைவுக்கும் சிறு குமிழுக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் சுட்டிக் காட்டுகிறேன்.